பட்டாணியை நசுக்கிய பாதிரியார்

ஊறிய பட்டாணிக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று யாராவது கேட்டால் சிரிப்புத்தான் வரும். இரவில் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் விட்டு, மூடி வைக்கிறோம். விடிந்ததும் பார்த்தால் பருத்துப்போய் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

சுமார் முந்நூறு வருஷங்களுக்கு முன், இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டெடிங்டன் என்ற சிற்றூரில் இருந்த ஒரு பாதிரியார் அப்படிப் போய்விடவில்லை. இரும்புப் பானை ஒன்றில் பட்டாணியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். காரீயத்தில் மூடி செய்து பட்டாணியின் மேல் வைத்தார். மூடியின் மேல் 184 ராத்தல் எடையை ஏற்றினார். கட்டுமஸ்தான ஆள் ஒருவர் ஏறி நின்றால் எவ்வளவு கனமோ, அவ்வளவு கனம். பட்டாணி அதையும் தூக்கிற்று!

பாதிரியாருக்கு அது போதவில்லை. பானையில் புதிதாகப் பட்டாணி போட்டு, நெம்புகோலால் 400 ராத்தல், 800 ராத்தல், 1600 ராத்தல் என்று வெவ்வேறு பாரத்தில் அழுத்திப் பார்த்தார். 1600 ராத்தல் என்றால் ஏறக்குறைய 725 கிலோ. இந்தத் தடவை நெம்புகோல் அசையவில்லை. பட்டாணி ஊறாமலா இருந்தது? ஊறித்தான் இருந்தது. பானையைத் திறந்து பார்த்தபோது உருண்டைப் பட்டாணியைக் காணோம். ஒன்றோடொன்று நெருக்கி, இடுக்கெல்லாம் அடைபட்டு, ஒவ்வொரு பட்டாணியும் பட்டை தீட்டிய கல்லைப் போல ஆகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு பட்டைகள் என்று அவர் எழுதி வைத்தார்.

அவர்தான் ஸ்டீபன் ஹேல்ஸ். உயிருள்ள பிராணியின் இரத்த அழுத்தத்தை உலகத்திலேயே முதன்முதலாக அளந்தவர் என்று வைத்திய சாஸ்திரம் அவரைக் கொண்டாடுகிறது. செடிகொடிகளின் உள்வேலையை எடை போட்டுச் சொன்னவர் என்று தாவர சாஸ்திரம் சொந்தம் பாராட்டுகிறது. பானைக்குள் நசுங்கிய பட்டாணியின் கதை இந்தப் பெருமைகளுக்கு நடுவே ஒரு மூலையில் கிடந்தது. ஆனால் அவர் எழுதிய அந்தப் பன்னிரண்டு என்ற எண்ணைச் சரிபார்க்க, அவர் இறந்து 178 வருஷம் கழித்தும் மனிதர்கள் மெனக்கெட்டார்கள்.

அளக்காமல் விடாத மனிதர்

ஹேல்ஸ் பிறந்தது 1677-ஆம் வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி, கெண்ட் மாகாணத்தில் பீக்ஸ்போர்ன் என்ற ஊரில். பெரிய குடும்பம், பாட்டனார் சர் பட்டம் பெற்றவர். 1696-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குப் போனார். பாதிரியார் உத்தியோகத்துக்குத்தான் படிப்பு. ஆனால் அப்போது கேம்பிரிட்ஜில் நியூட்டனின் காற்று வீசிக்கொண்டிருந்தது. எதையும் எண்ணால் சொல்ல முடிந்தால்தான் அது தெரிந்ததாகக் கணக்கு என்ற எண்ணம் இளைஞர்களைப் பிடித்து ஆட்டிய காலம் அது. வில்லியம் ஸ்டூக்லி என்ற நண்பரோடு சேர்ந்து வயல்வெளியெல்லாம் சுற்றிச் செடி சேகரிப்பதும், பிராணிகளை அறுத்துப் பார்ப்பதுமாக ஹேல்ஸ் நாட்களைக் கழித்தார்.

1709-ல் டெடிங்டன் மாதாகோயிலுக்குக் குருவாக வந்தவர், சாகும்வரை அந்த ஊரை விடவில்லை. 52 வருஷம்! 1720-ல் மணம் செய்துகொண்டார். மறு வருஷமே மனைவி இறந்துபோனாள். குழந்தை இல்லை. மறுமணமும் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாட்களில் தராசும் குழாயும் என்று வாழ்க்கை ஓடிற்று. ஊர் ஒழுக்கத்தில் அவர் கண்டிப்பானவர். தவறி நடந்த பெண்களைச் சபை நடுவே நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். அந்தக் காலத்து வழக்கம்தான் என்றாலும், படிக்கும்போது நமக்கு உறுத்தத்தான் செய்கிறது.

பிராணிகளிடமும் அவர் கை கடுமையானது. ஒரு கிழட்டுப் பெண் குதிரையை மல்லாத்திக் கட்டிப் போட்டு, தொடை நாடியை அறுத்து, அதில் பித்தளைக் குழாயைச் செருகினார். அதன்மேல் 9 அடி உயரக் கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். குதிரையின் இதயத்துக்கு மேலே 8 அடி 3 அங்குலம் வரை இரத்தம் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் ஆடிற்று. இன்று டாக்டர் நம் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கிறாரே, அந்த அளவைக்கு ஆதி இதுதான். பக்கத்து ஊரான டிவிக்கனாமில் குடியிருந்த கவிஞர் அலெக்ஸாண்டர் போப்புக்கு இந்தக் காரியம் கட்டோடு பிடிக்கவில்லை. ஆனாலும் சிநேகம் முறியவில்லை. 1743-ல் போப் எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஹேல்ஸும் ஒருவர்.

பிராணிகளை விட்டுச் செடிகளிடம் வந்தது ஒரு தற்செயல். திராட்சைக் கொடி ஒன்றைத் தவறான பருவத்தில் வெட்டிவிட்டதால், வெட்டுவாயிலிருந்து சாறு நிற்காமல் வடிந்தது. கொடி பட்டுப்போகுமே என்று பயந்து, வெட்டுவாயில் ஒரு தோல்பையை இழுத்துக் கட்டினார். சாறு நிற்கவில்லை, பை பலூன் மாதிரி உப்பிற்று. அவ்வளவுதான், பாதிரியார் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அளந்து பார்த்தால், கொடியில் சாறு ஏறும் அழுத்தம் குதிரையின் தொடை நாடியில் இரத்தத்தின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது!

1724-ல் ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு எடுத்து, மண்ணைக் காரீயத் தகட்டால் மூடி, காலையும் மாலையுமாக நிறுத்துப் பார்த்தார். பகல் 12 மணி நேரத்தில் சராசரி 20 அவுன்ஸ் தண்ணீரை அது இலை வழியாக வெளியே விட்டது. இப்படிச் செய்த சோதனைகளையெல்லாம் திரட்டி 1727-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். பின்னால் பெரும் புகழ் பெற்ற பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1735-ல் அதைத் தம் மொழியில் பெயர்த்தார். பட்டாணிப் பானையும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

தூக்குவதா, நசுங்குவதா?

பட்டாணியை ஹேல்ஸ் எதற்காக எடுத்தார்? உருண்டைகள் எப்படி அடுக்குகின்றன என்று பார்ப்பதற்காக அல்ல. மண்ணில் விழுந்த விதை, தண்ணீரை உறிஞ்சி, மேலே கிடக்கும் மண்ணைப் பிளந்துகொண்டு முளைக்கிறதே, அந்தப் பலம் எத்தனை ராத்தல் என்று அறிய விரும்பினார். நசுங்கின பட்டாணி வழியில் அகப்பட்ட பொருள். ஆனால் அதில்தான் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருந்தது.

உருண்டையான எதையும் பாத்திரத்தில் கொட்டினால் நடுவே இடுக்கு விழும். கோலிக்குண்டைக் கொட்டிக் குலுக்கினாலும், பாத்திரத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு 64 பங்குதான் குண்டு; பாக்கி 36 பங்கு வெறும் இடுக்கு. தளர்வாகக் கிடக்கும்வரை ஒவ்வொன்றும் நகர இடம் உண்டு. அந்த 64-ஐ எட்டியதும் எல்லாம் ஒரேயடியாக முட்டிக்கொண்டு இறுகிவிடும். அதுவரை தண்ணீர்போல் வழிந்தோடிய குவியல், சட்டென்று கல்லைப்போல் பாரம் தாங்கும். வழுவழுப்பான உருண்டைகளானால், இறுகும் அந்த நொடியில் ஒவ்வொன்றும் சராசரி ஆறு உருண்டைகளைத் தொட்டு நிற்கும்.

கோலிக்குண்டின் கதை அதோடு முடிந்தது. மேலும் அழுத்தினால் உடையும். ஊறிய பட்டாணியின் கதை அங்கேதான் ஆரம்பமாகிறது. மெத்தென்ற பண்டமானபடியால், தொடும் இடம் புள்ளியாக இருந்தது தட்டையாகிறது. தட்டை அகலமாகிறது. அதுவரை தொடாமல் இருந்த பட்டாணியும் வந்து ஒட்டுகிறது. ஆறு, ஏழாகிறது, எட்டாகிறது. இடுக்கு சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் இல்லாமலே போகிறது. உருண்டை பட்டைக் கல்லாகிறது.

ஹேல்ஸின் பானை தந்த இரண்டு விடைகளுக்கும் காரணம் இதுவே. ஊறும் பட்டாணிக்கு முன்னால் இரண்டு வழி உண்டு: மேலே இருக்கும் பாரத்தைத் தூக்குவது, அல்லது தானே நசுங்கிப் பக்கத்து இடுக்கில் புகுவது. எது சுலபமோ அதைச் செய்யும். 184 ராத்தலானால் தூக்குவது சுலபம், மூடி எழும்பிற்று. 1600 ராத்தலானால் நசுங்குவது சுலபம். மூடி அசையவில்லை, இடுக்குகள் அடைபட்டன. 400 ராத்தலிலேயே பட்டாணி தோற்றுவிட்டது என்பதும் அவர் கணக்கிலிருந்து தெரிகிறது.

சரி, பட்டை ஏன் பன்னிரண்டு? இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1611-லேயே ஜெர்மானிய வான சாஸ்திரி கெப்ளர் மாதுளம்பழத்தைப் பிளந்து பார்த்து இதை யோசித்திருக்கிறார். மாதுளை முத்து பிஞ்சில் உருண்டை. தோல் இறுகிக்கொண்டிருக்க, உள்ளே முத்து வளர வளர இடம் நெருக்குகிறது; ஒன்றையொன்று நெருக்கிப் பட்டை விழுகிறது. பீரங்கிக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்குகிறார்களே, அந்த அடுக்கில் ஒவ்வொரு குண்டையும் பன்னிரண்டு குண்டுகள் தொடுகின்றன. அந்த அடுக்கை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தினால், ஒவ்வொன்றும் சாய்சதுரப் பட்டைகள் பன்னிரண்டு கொண்ட கட்டியாகும் என்று கெப்ளர் கண்டார். கணிதப்படி அது முற்றிலும் சரி. பாதிரியாரும் பட்டாணியில் பன்னிரண்டைப் பார்த்ததாக எழுதினார். படித்தவர்கள் தலையாட்டினார்கள். அப்புறம் இரண்டு நூற்றாண்டுக்கு அந்த வார்த்தை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது.

இடுக்கில் நுழைந்த காற்று

ஹேல்ஸ் மேற்கொண்டு பட்டாணியை நசுக்கவில்லை. வயது 60-ஐத் தாண்டியபோது அவர் மனம் நேர் எதிரான வேலைக்குத் திரும்பிற்று. நெருக்கிக் கிடக்கும் இடங்களில் காற்றைப் புகுத்துவது எப்படி என்று ஆராயத் தொடங்கினார். மரத்தில் பெரிய துருத்தி மாதிரி ஒரு யந்திரம் செய்து, 1741-ல் ராயல் சொசைட்டி அறிஞர்களிடம் விவரித்தார். களஞ்சியத்தில் குவிந்து கிடக்கும் தானியம் ஏன் புழுத்துப் பூசணம் பிடிக்கிறது? மணிகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கில் ஈரக்காற்று தேங்குவதால்தானே? அடியிலிருந்து துருத்தியால் ஊதினால் இடுக்கு வழியாகவே காற்று ஏறி வந்துவிடும். ஊறாத தானியம் கெட்டியாக இருப்பதால் இடுக்கு திறந்தே இருக்கிறது. அந்த இடுக்குதான் தானியத்தைக் காப்பாற்றுகிறது.

தானியத்தைவிட மோசமாக மனிதர்களை அடைத்துவைத்த இடங்கள் அன்று இருந்தன. கப்பல்களின் அடித்தளம் ஒன்று, ஜெயில் மற்றொன்று. 1750-ல் லண்டன் நியூகேட் ஜெயிலிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவந்த கைதிகளிடமிருந்து ஜுரம் தொற்றி, நகர மேயரும் நீதிபதிகள் இருவரும் இன்னும் பலரும் மாண்டார்கள். கைதிகள் மட்டும் செத்தவரையில் கவலைப்படாத நகரம் அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டது. 1752-ல் நியூகேட் கூரையின்மேல் காற்றாடி வைத்து, அதனால் ஓடும் ஹேல்ஸின் துருத்திகளைப் பொருத்தினார்கள். பொருத்தப்போன தொழிலாளர்களிலேயே பலருக்கு ஜுரம் கண்டது.

அந்த ஜுரம் கெட்ட காற்றால் வருவது என்று ஹேல்ஸ் நினைத்தார். உண்மையில் அதைப் பரப்புவது பேன் என்று 1909-ல்தான் தெரிந்தது. காரணம் தவறு என்றாலும் நெருக்கடிதான் எதிரி என்று அவர் கண்டது தவறல்ல. 1756-ல் ஆங்கிலக் கடற்படையும் தன் கப்பல்களுக்கு இந்த யந்திரத்தை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதே யந்திரம் வேறு கப்பல்களுக்கும் போயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்த கப்பல்களின் தலைவர்கள், துருத்தியை வைத்தபின் வழியில் சாகிறவர்களின் தொகை குறைந்துவிட்டது என்று அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஹேல்ஸ் அந்தச் செய்திகளை வெளியிட்டார். கப்பலின் வயிற்றில் மனிதர்களைத் தானிய மூட்டைபோல் அடுக்கிய வியாபாரிகளுக்குச் சரக்கு சேதம் குறைந்ததில் லாபம். இத்தனைக்கும் 1732-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா குடியேற்றத்தை நடத்த நியமித்த தர்மகர்த்தாக்களில் ஹேல்ஸ் ஒருவர். அந்தக் குடியேற்றத்தில் 1735 முதல் 1751 வரை அடிமை வைத்துக்கொள்ளத் தடை இருந்தது. உயிர் பிழைத்தவர்கள் பிழைத்ததும் உண்மை. வியாபாரம் கொழுத்ததும் உண்மை. எதையும் எடை போட்ட மனிதரின் தராசில் இந்தப் பாரம் சரியாக ஏறவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

கடைசி நாட்களில் அவருக்கு அரண்மனைச் செல்வாக்கு வந்தது. வேல்ஸ் இளவரசர் பிரெடரிக் அவருடைய ஆராய்ச்சி அறைக்கே வந்து போவார். இளவரசர் 1751-ல் இறந்தபின், விதவை இளவரசி அகஸ்டா அவரைத் தன் அரண்மனைக் குருவாக அமர்த்திக்கொண்டார். விண்ட்ஸரில் பெரிய பதவி தருவதாகச் சொன்னபோது, டெடிங்டனை விடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஊருக்கு நல்ல தண்ணீர் வர ஏற்பாடு செய்து, ஊசல்குண்டு எத்தனை முறை ஆடுவதற்குள் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதைக் கோயில் பதிவேட்டில் எழுதி வைத்தார். ஞானஸ்நானமும் கல்யாணமும் சாவும் பதியும் புத்தகத்தில் தண்ணீர்க் கணக்கு! 1761-ஆம் வருஷம் ஜனவரி 4-ஆம் தேதி, 83-ஆவது வயதில் காலமானார். டெடிங்டன் கோயில் கோபுரத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள். இளவரசி அகஸ்டா வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு ஞாபகச் சின்னம் எழுப்பினார்.

பன்னிரண்டா, பதினாலா?

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 1939-ல் அமெரிக்காவில் மார்வின், மாட்ஸ்கே என்ற இரண்டு தாவர ஆராய்ச்சியாளர்கள், செடிகளின் உயிரணுக்கள் ஏன் பல பட்டைகளோடு இருக்கின்றன என்று ஆராயும்போது ஹேல்ஸின் வழியைப் பின்பற்றினார்கள். பட்டாணிக்குப் பதில் ஈயச் சன்னம், அதாவது துப்பாக்கியில் போடும் சிறு குண்டு. பீரங்கிக் குண்டுபோல் ஒழுங்காக அடுக்கி நசுக்கினால், கெப்ளர் சொன்ன பன்னிரண்டு பட்டை அப்படியே வந்தது. ஆனால் கைபோனபடி கொட்டி, இடுக்கு இல்லாமற்போகும்வரை நசுக்கினபோது கதை மாறிற்று. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். சராசரி ஏறக்குறைய பதினாலு. 1959-ல் லண்டனில் பெர்னல் என்ற விஞ்ஞானி, சுண்ணாம்புப் பொடியில் புரட்டிய களிமண் உருண்டைகளை அழுத்திப் பார்த்தார். அவருக்கும் சராசரி பன்னிரண்டைத் தாண்டித்தான் வந்தது. பட்டைகளில் சாய்சதுரம் அல்ல, ஐங்கோணமே மிகுதி.

பாதிரியார் பட்டாணியை அடுக்கவில்லை, கொட்டினார். ஆகவே அவர் பானையிலும் பன்னிரண்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்திருக்க முடியாது. ஐங்கோணப் பட்டைகள் மிகுந்த சில பட்டாணிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், பன்னிரண்டு ஐங்கோணம் கொண்ட அழகான கட்டியாகத்தான் கண்ணுக்குப் படும். ஆனால் அந்த ஒழுங்கான கட்டியை மட்டும் வைத்து இடத்தை இடுக்கில்லாமல் நிரப்ப முடியாது, கணிதம் சம்மதிக்காது. கொடியையும் குதிரையையும் செடியையும் அளந்தவர், இந்த ஒரு விஷயத்தில் கண்ணை நம்பிவிட்டார்.

1998-ஆம் வருஷம் இந்தக் கதையில் இரண்டு காரியங்கள் நடந்தன. கொட்டிய குண்டுக் குவியலும், சோப்பு நுரையும், கண்ணாடியும் சட்டென்று இறுகிப்போவதற்கெல்லாம் பொதுவான ஒரு விதி இருக்கக்கூடும் என்று பௌதிக விஞ்ஞானிகள் சொன்னார்கள். உலகமெங்கும் ஆராய்ச்சிச் சாலைகளில் மெத்தென்ற உருண்டைகளை நசுக்குவது ஒரு தனி ஆராய்ச்சியாக வளர்ந்தது. அதே வருஷம், சம அளவுள்ள குண்டுகளைப் பீரங்கிக் குண்டுக் கோபுரத்தைவிட நெருக்கமாக, அதாவது நூற்றுக்கு 74 பங்குக்கு மேல், அடுக்கவே முடியாது என்று கெப்ளர் 387 வருஷங்களுக்கு முன் சொன்னதற்கு ஓர் அமெரிக்கக் கணித அறிஞர் நிரூபணம் கண்டுபிடித்து அறிவித்தார். கம்ப்யூட்டரை வைத்து அதை வரிவரியாகச் சரிபார்த்து முடிக்க 2014 ஆயிற்று. அந்த அறிஞரின் பெயர் தாமஸ் ஹேல்ஸ். பாதிரியாரின் தகப்பனார் பெயரும் அதுவே.